தகரப் பேணியில் படம் ஏறும் வழி: அச்சு இயந்திரமும் மலையகத்துக் கொழுந்தும்

எங்கள் வீடுகளில் தகரப் பேணி ஒரே வேலையோடு நின்றதில்லை. ரின்பால் தீர்ந்தால் அது அரிசி அளக்கும் சுண்டாகும். பால்மா தீர்ந்தால் சீனியோ மிளகாய்த்தூளோ போடும் பாத்திரமாகும். அடியில் ஆணியால் துளையிட்டால் பூங்கன்றுக்குச் சாடியாகும். இடம்பெயர்ந்து அலைந்த காலங்களில் மூடியுள்ள ஒரு பேணி மூட்டைக்குள் இருந்தால் அது பெரிய உதவி. மழை நனைக்காது, எலி கடிக்காது.

உள்ளே இருப்பது எத்தனை முறை மாறினாலும் வெளியே உள்ள படம் மாறாது. கழுவினாலும் தேய்த்தாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மை ஊறாத, வளைந்த உலோகத்தில் அந்தப் படம் எப்படி ஏறுகிறது? அதற்கென உருவான இயந்திரங்கள் எவை? தேயிலைப் பேணிகளில் கூடையோடு நிற்கும் மலையகப் பெண் அங்கே எப்படி வந்தார்? இந்தக் கட்டுரை இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

போரில் பிறந்த பொருள்

பேணியின் பிறப்பே போரோடு தொடர்புடையது. நெப்போலியனின் படைகள் ஐரோப்பாவெங்கும் நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், உணவை நீண்டநாள் கெடாமல் வைத்திருக்கும் வழி பிரான்ஸ் அரசுக்குத் தேவைப்பட்டது. கண்ணாடிப் போத்தலில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைக்கும் முறையைக் கண்டறிந்த நிக்கொலா அப்பேர் என்பவருக்கு 1810இல் 12,000 பிராங்க் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் இலண்டனில் பீற்றர் டுராண்ட் தகரக் கலனுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1813 அளவில் பிரயன் டொங்கினின் தொழிற்சாலை பிரித்தானியப் படைகளுக்குப் பேணி உணவு வழங்கத் தொடங்கியது. அந்தப் பேணிகளைச் சுத்தியலும் உளியும் கொண்டே திறக்க வேண்டியிருந்தது. பேணி திறக்கும் கருவி வந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து.

அப்போது பேணிகளில் படம் இல்லை. காகிதச் சிட்டையை ஒட்டினார்கள், அல்லது கையால் வர்ணம் பூசினார்கள். ஈரம் பட்டால் காகிதம் உரிந்துவிடும். கைவேலைக்கோ செலவு அதிகம்.

காகிதத்துக்கு முந்திய ஓப்செற்

தகரத்தில் நேராக அச்சிடுவதில் இரண்டு தடைகள் இருந்தன. காகிதம் மையை உறிஞ்சும், தகரம் உறிஞ்சாது. அச்சுக் கல்லும் கடினம், தகரமும் கடினம். இரண்டையும் அழுத்தினால் முழுப் பரப்பும் ஒரே சீராக ஒட்டாது.

1875இல் இலண்டனில் றொபேட் பார்க்ளே இதற்கு ஒரு வழி கண்டார். கல்லில் உள்ள படத்தை முதலில் மென்மையான மேற்பரப்புள்ள ஓர் உருளையில் பதித்து, அந்த உருளையிலிருந்து தகரத்துக்கு மாற்றினார். ஆரம்பத்தில் அந்த உருளையைப் பதப்படுத்திய அட்டை மூடியிருந்தது. பின்னர் அந்த இடத்துக்கு இறப்பர் பூசிய துணி வந்தது. இறப்பர் உலோகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும்.

இன்று பத்திரிகைகளையும் பாடநூல்களையும் அச்சிடும் ஓப்செற் முறையின் அடிப்படை இதுவே. காகிதத்துக்கு அம்முறையை அமெரிக்காவில் ஐரா றூபெல் கொண்டுவந்தது 1904 அளவில்தான். காகிதத்துக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்னரே தகரம் ஓப்செற்றைக் கண்டுவிட்டது. ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் போன்ற பிஸ்கற் கம்பனிகளின் படம் போட்ட பேணிகள் பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது இந்தக் காலகட்டத்திலேயே.

தட்டையாக அச்சிட்டு உருட்டுதல்

உருண்டையான பேணியில் படம் ஏற இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, உருளையாவதற்கு முன்னரே அச்சிடுவது.

தகரம் என்று நாம் சொல்வது உண்மையில் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சுள்ள உருக்குத் தகடு. அதன் தடிப்பு பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றர் அளவு. பெரிய தாள்களாக வரும் இத்தகட்டில் முதலில் வெள்ளைப் பூச்சு இடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உலோகத்தின் சாம்பல் நிறம் மற்ற நிறங்களை மங்கச் செய்யும். பிறகு நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும், கடைசியில் மேலே தெளிவான வார்னிஷ் வரும். மை ஊறிக் காயாது என்பதால் தாள்களை நீண்ட சூளைக்குள் அனுப்பிச் சூட்டால் இறுக வைக்க வேண்டும். இப்போது பல ஆலைகளில் புற ஊதா ஒளியால் மையை நொடியில் இறுக்குகிறார்கள்.

ஒரு தாளில் பல பேணிகளுக்கான படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றை வெட்டி, உருட்டி, பக்கத்தில் இணைத்து, அடியும் மேலும் மூடினால் பேணி தயார். உடல், அடி, மூடி என மூன்று பாகங்கள் சேர்வதால் இதை மூன்று துண்டுப் பேணி என்பார்கள்.

இணைப்பு வரும் ஓரத்தில் மட்டும் அச்சிடமாட்டார்கள். மையோ பூச்சோ இருந்தால் பற்றவைப்புப் பிடிக்காது. உங்கள் வீட்டில் உள்ள பால்மாப் பேணியைத் திருப்பிப் பாருங்கள். படத்தின் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே மேலிருந்து கீழாக ஒரு வெறும் உலோகக் கோடு தெரிந்தால், அது தட்டையாக அச்சிட்டு உருட்டப்பட்டது. முன்னர் இந்த இணைப்பை ஈயம் கலந்த பற்றாசால் மூடினார்கள். அந்த ஈயம் உணவில் கலக்கும் ஆபத்து இருந்தது. அமெரிக்கா 1995இல் ஈயப் பற்றாசுப் பேணிகளை உணவுக்குத் தடை செய்தது. இன்று பெரும்பாலும் மின்சாரப் பற்றவைப்பே பயன்படுகிறது.

உருளையிலேயே அச்சிடும் இயந்திரம்

மென்பானப் பேணிகளில் அந்தக் கோடு இருக்காது. அவற்றின் உடலும் அடியும் ஒரே அலுமினியத் துண்டு. தட்டையான வட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை வளையங்களுக்குள் செலுத்திச் சுவரை மெலிதாக நீட்டுகிறார்கள். சுவரின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்குகிறது. 1959இல் அமெரிக்காவின் கூர்ஸ் மதுபானக் கம்பனி இரு துண்டு அலுமினியப் பேணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவு நீட்சியை முன்பே அச்சிட்ட படம் தாங்காது. எனவே பேணி உருவான பின்னரே அச்சிட வேண்டும். அதற்கென வந்ததுதான் உருளை அச்சு இயந்திரம். அதில் இரண்டு பெரிய சக்கரங்கள் உண்டு.

முதலாவது, தண்டுகள் பொருத்திய சக்கரம். ஒவ்வொரு தண்டும் ஒரு பேணிக்குள் நுழைந்து உள்ளிருந்து தாங்கும். காற்றை உறிஞ்சிப் பேணியை இறுகப் பிடிக்கும். பேணி சரியாக ஏறாவிட்டால் உணரி அதைக் கண்டறியும். அந்தத் தண்டு உடனே பின்வாங்கும். இல்லாவிட்டால் மை தண்டில் படிந்து அடுத்தடுத்த பேணிகளின் உட்புறத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது, இறப்பர்ப் போர்வைகள் ஒட்டிய சக்கரம். அதைச் சுற்றி நிறத்துக்கு ஒன்றாக ஆறு முதல் எட்டு அச்சுத் தகடுகள் நிற்கும். படம் மேடாக எழும்பியிருக்கும் தகடுகள் இவை. கல்லச்சு முறையில் எண்ணெயையும் நீரையும் பிரித்தாள வேண்டும். இங்கே நீர் தேவையில்லை என்பதால் இதை உலர் ஓப்செற் என்பார்கள். சக்கரம் சுழலும்போது ஒரு போர்வை ஒவ்வொரு தகட்டையும் தொட்டு, எல்லா நிறங்களையும் தன்மேல் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் அது பேணியைச் சந்திக்கும். பேணி ஒருமுறை உருளும். முழுப் படமும் ஒரே தடவையில் ஏறிவிடும்.

எல்லா நிறங்களும் ஈரமாகவே ஒரே போர்வையில் இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்று வந்தால் கலங்கிவிடும். அதனால் பெரும்பாலான வடிவமைப்புகளில் நிறங்கள் அருகருகே நிற்கும்படி வரைகிறார்கள். இடைவெளி சற்றுக் கூடினால் வெறும் உலோகம் கோடாகத் தெரியும். குறைந்தால் இரு நிறங்கள் சேர்ந்து அழுக்காகும். தமிழ் எழுத்துகளுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். ண, ழ, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைபட்டுவிடும். கடும் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

330 மில்லிலீற்றர் பேணியின் விட்டம் ஏறத்தாழ 66 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 207 மில்லிமீற்றர். வேகமான இயந்திரங்கள் நிமிடத்துக்கு 2,000 பேணிகள் வரை அச்சிடுகின்றன. அதாவது நொடிக்கு 33 பேணிகள். நொடிக்கு ஏறத்தாழ 7 மீற்றர் நீளப் படம்.

அச்சானதும் மேலே வார்னிஷ் பூசப்படும். பேணிகள் சங்கிலியில் உள்ள ஊசிகளில் தொங்கியபடி சூளைக்குள் செல்லும். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் சில நொடிகளில் மை இறுகும். அதன் பின்னரே உட்புறப் பூச்சு, பிறகு வாய்ப்பகுதியை ஒடுக்கும் வேலை. ஒடுங்கும் இடத்தில் படமும் சுருங்கும் என்பதை ஓவியர் முன்கூட்டியே கணக்கில் எடுக்கிறார்.

மீன் ரின்னில் பல வேளை காகிதச் சிட்டை இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே மாதிரி வெற்றுப் பேணியை வாங்கி, உணவை அடைத்து, மூடி, நீராவியில் அவித்த பின்னர் எந்தப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம். அச்சிட்ட பேணி என்றால் பெருந்தொகையாக வாங்கினால்தான் கட்டும். இப்போது வந்துள்ள டிஜிற்றல் இயந்திரங்கள் தகடு இல்லாமலே மையைப் பேணியில் தெளிப்பதால், சிறு உற்பத்தியாளரும் சில நூறு பேணிகளுக்குப் படம் போட வழி திறந்திருக்கிறது.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து பேணி வரை

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. மீமுரேக்குச் செல்லும் பாதை இங்கிருந்து பிரிகிறது. கண்டிப் பிரதேசத் தேயிலை பெரும்பாலும் 600 முதல் 1,200 மீற்றர் உயரத்தில் விளையும் நடுமலைத் தேயிலை.

இந்த மலைகளிலிருந்து இறங்கும்போது தேயிலைக்கு வர்ணமோ படமோ கிடையாது. காகிதச் சாக்குகளில் அது கொழும்புக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகிறது. பல தோட்டங்களின் தூள் அங்கே ஒன்றாகக் கலக்கப்படுகிறது. அதன் பிறகே பேணியும் படமும். இலங்கையில் பொதி செய்யப்பட்ட, தரநிபந்தனைகளை நிறைவேற்றும் முழு இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை இட அனுமதி உண்டு.

பேணியில் பறிக்கும் பெண் வந்ததற்கு லிப்டனுக்கும் பங்குண்டு. கிளாஸ்கோவில் மளிகை வியாபாரம் செய்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த தேயிலையை அளவான பொதிகளில் விற்றார். தோட்டத்திலிருந்து நேராக வருகிறது என்று வாங்குபவர் நம்ப வேண்டும். அதற்குச் சாட்சியாக, சேலை உடுத்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணை அவருடைய விளம்பரங்களிலும் பேணிகளிலும் போட்டார்கள். பின்னர் வந்த பல கம்பனிகளும் அதே வழியில் போயின. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை நூதனசாலையில் அந்தக் காலத்து இயந்திரங்களையும் லிப்டன், ஜேம்ஸ் டெயிலர் பற்றிய பொருட்களையும் பார்க்கலாம்.

படத்தில் உள்ளவரின் கணக்கு

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிப்பவர் 4 கிலோ தூளுக்கு வழி செய்கிறார். 100 கிராம் பேணியென்றால் 40 பேணிகள். அன்றாடச் சம்பளம் 1,000 ரூபாயாவதற்குப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில்.

படம் உலகெங்கும் போய்க்கொண்டிருந்தபோதே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் படத்தில் உள்ளவரை நாடற்றவராக்கியது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அதனால் பாதிக்கப்பட்டனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. எஞ்சியிருந்தோருக்கான குடியுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது. 1977லும் 1983லும் நடந்த வன்முறைகளில் தோட்டங்களை விட்டு ஓடியவர்கள் பலர் வன்னியில் குடியேறினர். கடைசிப் போர் அவர்களையும் விடவில்லை.

2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை இருந்தது. ஒரு பேணி பாலுக்கு எங்கள் மக்கள் கொடுத்த விலை அதுவும்தான்.

பேணியை வாசிக்க

நிவாரணமாகவோ கடையிலிருந்தோ பேணி ஒன்று கைக்கு வந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். படம் உணவு உள்ளே போகுமுன் அச்சிடப்பட்டது. அது பளபளப்பாக இருப்பதை வைத்து உணவு புதிது என்று கொள்ள முடியாது. காலாவதித் திகதி அடியிலோ மூடியிலோ தனியாகப் பதிக்கப்படும், அதையே நம்புங்கள். திகதி அழிக்கப்பட்டு மீண்டும் பதிக்கப்பட்டதுபோல் தெரிந்தால் வாங்க வேண்டாம். மூடி உப்பியிருந்தாலோ, இணைப்பு ஓரத்தில் நசிவோ துருவோ இருந்தாலோ உணவைத் தொடக்கூடாது.

தேயிலைப் பேணியென்றால் எங்கே பொதி செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். நாடு இருக்கும், கம்பனி இருக்கும், சிலவற்றில் தோட்டத்தின் பெயரும் இருக்கும். கூடையோடு நிற்பவரின் பெயரையோ, அவருக்குக் கிடைத்த நாட்சம்பளத்தையோ அநேகமாகக் காணமாட்டீர்கள். அச்சுத் தகட்டில் இன்னொரு வரி சேர்ப்பதற்கு இயந்திரத்தில் எந்தத் தடையும் இல்லை.