பெயர்க்க முடியாத மதிப்பெண்: எம்பிஏ சேர்க்கையில் அயல்நாட்டுப் பட்டங்கள்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகமொன்றில் நூற்றுக்கு 70 பெற்றவர் முதல் வகுப்பில் தேறியவர். அதற்கு மேல் அங்கே வேறு வகுப்பு இல்லை. அதே 70 அமெரிக்காவில் வழக்கமாகப் புழங்கும் விழுக்காட்டு அட்டவணையில் 'சி' தரத்துக்கு இறங்கிவிடும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதல் வகுப்புக்கு 60 போதும். ஜெர்மனியிலோ எண் குறையக் குறையத் தரம் உயரும்: 1.0 தலைசிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. இவை யாவும் ஒரே சேர்க்கைக் குழுவின் முன் வரும்போது, ஒரே அளவுகோலுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பிழை அங்கேதான் தொடங்குகிறது. மதிப்பெண் என்பது நீளம், எடை போன்ற அளவன்று. ஒரு நிறுவனத்தில், ஓர் ஆண்டில், உடன் பயின்றோரிடையே ஒருவர் பெற்ற இடத்தை அது குறிக்கிறது.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மதிப்பெண்களுக்குக் கையாளும் 'திருத்திய பவேரிய வாய்பாடு' இதற்குத் தெளிவான சான்று. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 100, தேர்ச்சி 40 என்ற பிரிட்டிஷ் முறையில் 70 பெற்றவருக்கு இது தரும் விடை 2.5. தன் நாட்டின் மிக உயர்ந்த வகுப்பில் தேறியவர், ஜெர்மனியில் 'நன்று' என்ற நிலையின் கடைசி விளிம்பில் நிற்கிறார். கணக்கில் தவறில்லை. ஆனால் வாய்பாட்டுக்கு இரண்டு முனைகள் மட்டுமே தெரியும். அவற்றுக்கிடையே மாணவர்கள் எங்கே திரண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. பிரிட்டிஷ் கலைத்துறைகளில் 80 கூட அரிது என்பதை அது எப்படி அறியும்? காலமும் அதன் கண்ணில் படுவதில்லை. இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பெற்றோர் 2010-11இல் ஏறத்தாழ 16 விழுக்காடு. 2020-21இல் 37 விழுக்காடு. பட்டத்தின் பெயர் மாறவில்லை, அது குறிக்கும் இடம் மாறிவிட்டது.

முன்னணி மேலாண்மைப் பள்ளிகள் சில இதை உணர்ந்தே இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பள்ளி தன் மாணவர் விவரத்தில் சராசரி ஜிபிஏயை, 4.0 அளவைப் பின்பற்றும் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே கணக்கிட்டு வெளியிட்டுள்ளது. மதிப்பெண்ணை மாற்றாமல் அதன் சூழலில் வைத்துப் படிப்பதே சரியான வழி. ஆனால் அந்த வாசிப்பு, வாசிப்பவரின் அறிவைத் தாண்டிப் போகாது. ஐஐடியின் 8.5 எதைக் குறிக்கிறது என்பது குழுவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாவட்டத் தலைநகரின் இணைப்புக் கல்லூரியில் பெற்ற 8.5 எதைக் குறிக்கிறது என்பது தெரிந்திருக்காது. தெரியாத இடத்தைக் கல்லூரியின் பெயர் நிரப்பிவிடுகிறது. வாய்பாட்டின் அநீதியாவது எண்ணில் தெரியும்; இது தெரியாது.

இதனால்தான், வாய்பாடு எல்லாருக்கும் ஒன்றே, விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. ஒரே பிழையை எல்லார் மீதும் சுமத்தினாலும், எந்த நாட்டின் ஆசிரியர்கள் கஞ்சத்தனமாக மதிப்பெண் இடுகிறார்களோ அந்த நாட்டு மாணவர்களே இழப்பார்கள். ஜிமேட் போன்ற பொதுத்தேர்வு இருக்கையில் பட்ட மதிப்பெண் எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. சில மணி நேரத்தில் ஒருவர் காட்டும் திறனை அத்தேர்வு அளக்கிறது; மூன்று நான்கு ஆண்டுகள் தளராமல் படித்ததற்கான சான்று மதிப்பெண் பட்டியலில்தான் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு விடை கண்டது. மாணவர்களை 10, 25, 30, 25, 10 விழுக்காடாகப் பிரித்த பழைய ஐந்து படி அளவை 2009இல் கைவிட்டு, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் உண்மையில் எத்தனை விழுக்காட்டினர் பெற்றனர் என்ற பரவல் அட்டவணையைச் சான்றிதழுடன் இணைக்கப் பரிந்துரைத்தது. சிறிய கல்லூரிகளால் இது ஆகாது என்பார்கள். இந்திய இணைப்பு முறையில் அந்தச் சுமை கல்லூரியுடையதே அன்று. தேர்வை நடத்துவதும் முடிவுகளைத் தொகுத்து வைத்திருப்பதும் பல்கலைக்கழகம்; சான்றிதழின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணையை அச்சிட அதனிடம் எல்லாத் தரவும் ஏற்கெனவே இருக்கிறது.