பனையோலைப் பாய் (யாழ்ப்பாணம்)

பனையோலைப் பாய், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக்கும் வயலுக்கும் சந்தைக்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டுவரும் கையிழைப்பு விரிப்பு. பனையின் இளம் ஓலையை வார்ந்து, தறியும் சட்டமும் இல்லாமல், தரையில் குந்தியிருந்து விரல்களாலேயே இழைப்பது. இழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மரத்திலிருந்து ஓலையை வெட்டித் தருபவர்கள் ஆண்கள். கையால் ஆன இந்திய விரிப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் காஷ்மீர்க் கம்பளத்தில் தொடங்கிப் பவானி ஜமக்காளத்தில் நிறுத்திவிடுவார்கள். பாக்குநீரிணையைத் தாண்டி வந்தால் அந்த வரிசையில் அடுத்து வைக்கவேண்டியது இந்தப் பாய்தான்.

கம்பளம் ஏன் இங்கே பிறக்கவில்லை என்பதற்கு விடை எளிது. கம்பளத்துக்கு ஆட்டுமயிர் வேண்டும், விலை கொடுக்க ஓர் அரசவையோ ஏற்றுமதிச் சந்தையோ வேண்டும். அக்பர் காலத்தில் மொகலாய அரண்மனைப் பட்டறைகளில் கம்பள நெசவு வளர்ந்தது. தெற்கே தக்காணத்தில் ஏலூரும் வாரங்கலும் பேர்பெற்றன. அங்கே நெய்த கம்பளங்களை மசூலிப்பட்டினத்துத் துறைமுகம் வழியாக ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியினர் கடல்கடந்து கொண்டுபோனார்கள். சப்பானின் கியோத்தோ நகரில் கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் பழைய விரிப்புகளில் தக்காணக் கம்பளங்களும் உண்டு. அதே கம்பனிதான் 1658 முதல் யாழ்ப்பாணத்தையும் ஆண்டது. இங்கிருந்து அவர்கள் தேடியவை யானையும் சாயவேரும் சாயமிட்ட துணியும் பனை மரமும். பனந்தீராந்திகள் கப்பல் கப்பலாகப் போயின. அந்த மரத்தின் ஓலையில் இழைத்த பாயை ஒருவரும் வாணிபப் பொருளாகக் கண்டதாகத் தெரியவில்லை. கம்பளத்தின் வரலாற்றைக் கணக்கேடுகள் எழுதின. பாய்க்கு அப்படியொரு கணக்கேடு வாய்க்கவில்லை. கறையானும் மழையும் பழைய பாய்களையும் விட்டுவைக்கவில்லை.

பாயின் அமைப்பைத் தீர்மானிப்பது ஓலையின் நீளம். கோரைப்புல் ஒரு பாயின் அகலத்துக்கு நீண்டு வளரும். அதனால் பத்தமடையில் நூலைப் பாவாக வைத்துக் கோரையை ஊடாகக் கொடுத்துத் தறியில் நெய்ய முடிகிறது. பனையோலை அப்படியல்ல. விசிறிபோல் விரிந்த மட்டையிலிருந்து பிரித்தால் ஒரு துண்டு இரண்டு முழத்துக்குச் சற்றுக் கூடக் குறையத்தான் வரும். ஆறடிப் பாய்க்கு ஓலையோடு ஓலை ஒட்டுப்போட்டுக்கொண்டே போகவேண்டும். முடியப்போகும் வாரின் மேல் புது வாரை வைத்து, இரண்டையும் சேர்த்து நாலைந்து கண் இழைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஒட்டு எங்கே என்று மேற்பக்கத்தில் தெரியாமல் இருப்பதுதான் கைத்திறன். பாய் வாங்கப் போகும் பழைய ஆச்சிமார் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான்.

மரத்தின் நடுவே விரியாமல் நிற்பது குருத்தோலை. அதற்கு அடுத்து, விரிந்தும் முற்றாதது சார்வோலை. வெண்மையான குருத்து சிறிய பெட்டிகளுக்கும் அலங்கார வேலைகளுக்கும் போகும். பாயும் கடகமும் சார்வில் இழைப்பவை. முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும். வெட்டிய சார்வை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அளவாக வார்ந்துகொள்வார்கள். சத்தகம் என்பது ஓலை வேலைக்கே உரிய சிறு கத்தி. இழைக்கும் முன் தண்ணீர் தெளித்துப் பதம் பார்க்கவேண்டும். காய்ந்த ஓலை முறியும். ஈரம் கூடினால், பின்னர் உலர்ந்து சுருங்கும்போது கண் விட்டுப் பாய் தளரும். ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக இழைத்து, விளிம்புக்கு வந்த வாரை மடித்து மறுபடி உள்ளே திருப்புவார்கள். அதனால் நல்ல பாயின் ஓரம் தையல் இல்லாமலே பிரியாது. வார் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு மெல்லியதும் விலை கூடியதுமாக இருக்கும் பாய். நெல் காயப்போடுவதற்கு அகலமான வாரே போதும்.

படுக்கைப்பாய் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கலையை அளந்தால் பிழைத்துப்போகும். உட்காரவும் பிள்ளையைக் கிடத்தவும் தடுக்கு. நெல்லுக்குக் கதிர்ப்பாய். மிளகாயும் ஒடியலும் காயவைக்க முற்றத்துப் பாய். இவற்றுள் தனிக் கதை உடையது பினாட்டுப் பாய். ஆவணியை ஒட்டிப் பனம்பழம் விழும் காலத்தில், பழத்தைப் பிசைந்தெடுத்த களியைப் பந்தல்மேல் விரித்த பாயில் ஊற்றிப் பரப்புவார்கள். ஒரு நாள் வெயிலில் காய்ந்ததன்மேல் அடுத்த நாள் இன்னொரு படை. இப்படிப் படைமேல் படையாகக் காய்ந்து தடித்ததை உரித்து வெட்டினால் பினாட்டு. அதன் அடிப்பக்கத்தில் பாயின் கண்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அந்த அச்சைப் பார்த்தே எவ்வளவு நெருக்கமாக இழைத்த பாய் என்று சொல்லிவிடலாம். இதே விரல்கள்தான் கடகத்தையும் சுளகையும் நீத்துப்பெட்டியையும் கொட்டைப்பெட்டியையும் செய்தன. பாய் இழைப்பவர், பெட்டி இழைப்பவர் என்று தனித்தனித் தொழிலாளர் இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்திலான சான்றுகள் கிடைக்கத் தொடங்குகின்றன. வில்லியம் பெர்குசன் 1850-இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் நூல் பனைக்குச் சொல்லும் 801 பயன்களை எடுத்துக்காட்டுகிறது. எமர்சன் தெனன்ற் 1859-இல் வெளியிட்ட இலங்கை வரலாற்றிலும் யாழ்ப்பாணப் பனைக்கு இடமுண்டு. அந்த நூற்றாண்டில் குடாநாட்டின் பெரிய ஏற்றுமதிப் பயிர் புகையிலை. அதில் பெரும்பகுதி திருவிதாங்கூருக்குப் போனது. சிப்பம் கட்டப் பாய் வேண்டும். வீட்டில் ஓய்ந்த நேரத்தில் இழைத்த பாய் இப்படித்தான் காசாக மாறியது. ஆனாலும் கூலிக் கணக்கில் அந்த உழைப்பு ஏறவில்லை. அடுக்களை வேலை முடிந்தபின் பெண்கள் செய்வதை வேலையாகவே யாரும் எண்ணவில்லை. பாயின் விலை கடைசிவரை மலிவாகவே இருந்ததற்கு முதற்காரணம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணச் சமூகத்தில் தரையில் எதை விரிக்கிறோம் என்பது மரியாதைக் கணக்கு. கல்யாணத்திலும் செத்தவீட்டிலும் சலவைத் தொழிலாளர் நிலபாவாடை விரிப்பதும் வெள்ளை கட்டுவதும் வழக்கமாக இருந்தன. சாதாரண நாளில் வீட்டுக்கு வந்தவருக்குப் பாய் போடுவதா, வெறும் தரையைக் காட்டுவதா என்பதைச் சாதி தீர்மானித்தது. பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்திய வழக்கத்துக்கு எதிராக 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த சமஆசனப் போராட்டத்தை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும். ஓலை வெட்டித் தந்த மரமேறியும் அதே ஒடுக்குமுறைக்குள் இருந்தவர். அவர் வெட்டிய ஓலையில் இழைத்த பாயில் அமர அவருக்கு இடமில்லாத வீடுகள் பல.

1970-களில் கள் இறக்குவோருக்கான கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. 1978-இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கியது. ஓலை வேலைக்குப் பயிற்சியும் ‘கற்பகம்’ என்ற பெயரில் விற்பனை நிலையங்களும் வந்தன. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் கடையில் நின்று விற்றவை சாயமிட்ட கைப்பை, தொப்பி, பூச்சாடி உறை போன்ற அலங்காரப் பொருள்கள். பெரிய பாய் இடத்தை அடைக்கும், உழைப்பைக் கேட்கும், விலை தராது. பயிற்சி நிலையங்களும் மெல்ல அதை விட்டு விலகின. 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் பிளாஸ்டிக் பாய் வந்தது. கழுவலாம், நனைந்தால் பூஞ்சணம் பிடிக்காது, சந்தையில் எந்த நாளும் கிடைக்கும். அதோடு போட்டியிட ஓலைப்பாயால் முடியவில்லை.

போர் இந்தக் கதையை இரண்டு திசைகளில் இழுத்தது. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் வெளிப்பொருள்கள் அருகியபோது பனையோலைப் பொருள்களுக்கு மறுபடி மதிப்பு வந்தது. மறுபக்கம், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றி தேவைப்பட, இலட்சக்கணக்கான மரங்கள் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலை அறுந்து நின்ற மொட்டைப் பனைகள் அந்தக் காலப் படங்களில் எல்லாம் இருக்கின்றன. 2009-இல் போர் முடிந்தபின், குடும்பத் தலைவிகளாகிவிட்ட பெண்களின் வாழ்வாதாரத்துக்கென ஓலைப் பயிற்சிகள் மீண்டும் நடந்தன. அங்கேயும் பாய்க்கு இடம் குறைவு.

தொழில் நலிந்ததற்குப் பிளாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் சார்வு கிடைக்காமை. மரமேறுவோர் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வர விரும்பாததற்கு நியாயமும் உண்டு. கைக்கெட்டும் வடலியில் ஓலை வெட்டலாம். ஆனால் அதன் குருத்தையும் சார்வையும் ஓயாமல் எடுத்தால் மரம் தேறாது. இழைக்கத் தெரிந்த பெண் இருந்தும் ஓலை இல்லாமல் கை ஓய்ந்த வீடுகள் இதனால்தான்.

கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவை 2021-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பத்தமடைப் பாய் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. யாழ்ப்பாணப் பாயைப் பற்றி முதலில் வேண்டியது அதைவிட எளிய வேலை: எந்த ஊரில் என்ன கண், எத்தனை வார், எப்படி ஓரம் மடிப்பது என்பதை இழைக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே படமும் அளவும் எடுத்துப் பதிவு செய்வது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் ஊர் நூலகங்களும் இதைத் தொடங்கலாம். வீட்டுப் பரணில் பழைய கதிர்ப்பாயோ தடுக்கோ கிடந்தால், எறிந்துவிடாமல் அவர்களிடம் கொடுங்கள்.