கி.மு. 4004 பிறந்த கதை

உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று பிரசங்க மேடையில் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். கேட்டால், "வேதத்தில் இருக்கிறதே" என்பார்கள். அதே எண்ணைக் காட்டி, "அப்படியானால் உங்கள் வேதம் பொய்" என்று எதிர்ப்பக்கத்தாரும் சொல்வார்கள். பைபிளில் உள்ளதெல்லாம் உண்மையா என்ற வழக்கு பல வீடுகளில் இந்த இடத்தில்தான் மூள்கிறது. ஆறாயிரத்தின் வேர் கி.மு. 4004 என்ற ஆண்டு. ஆனால் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒவ்வொரு வசனமாகப் படித்தாலும் அந்த ஆண்டு எங்கும் வராது. அது பிறந்த இடம் வேறு, பெற்றவரும் வேறு.

பெற்றவர் ஜேம்ஸ் அஷர். 1581-ல் டப்ளினில் பிறந்தவர். அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பார்வையற்ற உறவுப் பெண்கள் இருவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேதாகமத்தின் பெரும்பகுதி அந்தப் பெண்களுக்கு மனப்பாடமாம். பதின்மூன்று வயதில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அங்கேயே இறையியல் பேராசிரியர். 1625-ல் அயர்லாந்தின் அர்மாகுக்குப் பேராயர். சேர்த்து வைத்த புத்தகங்கள் சுமார் பத்தாயிரம். இன்று அவர் பெயரை அறியாமைக்கு உதாரணமாக இழுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் காலத்து ஐரோப்பாவில் அவ்வளவு படித்தவர்கள் மிகச் சிலரே.

உலகம் எப்போது தொடங்கியது என்று கணக்குப் போட்டதும் அவர் ஒருவர் மட்டும் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற ஆங்கிலத் துறவி கி.மு. 3952 என்றார். பிரெஞ்சு அறிஞர் ஸ்காலிகர் 3949 என்றார். கோள்களின் பாதையைக் கண்டுசொன்ன கெப்ளர் 3992 என்றார். யூதர்களின் ஆண்டுக் கணக்கு 3761-ல் தொடங்குகிறது. பைசாந்தியத் திருச்சபையின் கணக்கோ 5509-க்குப் போகிறது. எல்லாரும் திறந்து வைத்துக்கொண்டது ஒரே புத்தகம்தான். விடை ஏன் இத்தனை?

கணக்கின் முதல் பாதி சுலபம். ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் தகப்பனுக்கு இத்தனை வயதில் மகன் பிறந்தான் என்று வரிசையாக வரும். ஆதாமுக்கு 130-ல் சேத், மெத்தூசலாவுக்கு 187-ல் லாமேக்கு, லாமேக்குக்கு 182-ல் நோவா. நோவாவுக்கு 600 வயதில் ஜலப்பிரளயம். கூட்டினால் ஆதாமிலிருந்து பிரளயம் வரை 1656 ஆண்டுகள். இதில் ஓர் அழகும் இருக்கிறது. 187, 182, 600 மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 969. மெத்தூசலா வாழ்ந்த வயது அது. மனிதர்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் பிரளயம் வந்த அதே ஆண்டில் கண்ணை மூடியிருக்கிறார். சொல்லாமல் சொன்ன சேதி அது. கணக்குப் போடுகிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

ஆனால் இது எபிரேயப் பிரதியின் கணக்கு. அப்போஸ்தலர் காலத்துச் சபைகள் பெரிதும் வாசித்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை எடுத்தால் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு வயது 130 அல்ல, 230. அப்படிப் பல தலைமுறைகளில் நூறு நூறாகக் கூடி, பிரளயம் 2242-ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. சில கிரேக்கப் பிரதிகளின்படி மெத்தூசலா பிரளயத்துக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும். பேழைக்குள் ஏறியவர்கள் எட்டே பேர்; அவர்களில் அவர் இல்லை. பிறகு எங்கே இருந்தார்? அகஸ்தினார் இந்த முடிச்சைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்து, ஒளிக்காமல் பேசி, பிரதி எடுத்தவர்களின் கையில் எண் பிறழ்ந்திருக்கலாம் என்று எழுதினார். விசுவாசம் உள்ளவர்கள் இந்தக் கேள்விகளுக்கு அஞ்சியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு பிரதியும் உண்டு. சமாரியர் தங்களுக்கென்று காத்து வந்த பஞ்சாகமம். அதில் பிரளயம் 1307-ஆம் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. இந்தப் பிரதியை ஐரோப்பாவுக்கு வரவழைத்த முதல் சிலரில் அஷரும் ஒருவர். சிரியாவின் அலெப்போ நகரில் இருந்த தாமஸ் டேவிஸ் என்ற ஆங்கில வணிகருக்கு எழுதி, பணம் செலவழித்து, தேடித் தேடி வாங்கினார். ஆகவே மூன்று பிரதிகள் மூன்று விடை தருகின்றன என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் எபிரேயத்தைப் பிடித்தார். அது அவர் எடுத்த தீர்மானம். வேதவசனம் அவருக்கு இட்ட கட்டளை அல்ல.

இன்னொரு தீர்மானம் ஆபிரகாமின் பிறப்பில். தேராகு எழுபது வயதில் ஆபிராம், நாகோர், ஆரான் என்ற பிள்ளைகளைப் பெற்றார் என்று ஆதியாகமம் சொல்கிறது. அதே தேராகு 205 வயதில் இறந்தார் என்றும், ஆபிராம் ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டபோது வயது 75 என்றும் அதுவே சொல்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவான், தகப்பன் இறந்த பிறகே ஆபிரகாம் புறப்பட்டார் என்கிறார். மூன்றும் பொருந்த வேண்டுமானால் ஆபிரகாம் பிறந்தபோது தேராகுவுக்கு 130 இருந்திருக்க வேண்டும். அஷர் அப்படியே வைத்தார். அறுபது ஆண்டுகள் கூடின.

பிறகு பாதை கரடுமுரடாகிறது. தகப்பன் வயதுப் பட்டியல் நின்றுவிடுகிறது. யூதா, இஸ்ரவேல் ராஜாக்களின் ஆட்சி ஆண்டுகளைக் கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அஷர் வெளிச் சரித்திரத்துக்குப் போனார். யோயாக்கீன் சிறைப்பட்டுப்போன 37-ஆம் ஆண்டில் பாபிலோனில் ஏவில் மெரொதாக் அரசனானான் என்று இரண்டாம் இராஜாக்கள் முடிகிறது. அவன் தந்தை நேபுகாத்நேச்சார் இறந்தது கி.மு. 562 என்று பாபிலோனிய அரசர் பட்டியலிலிருந்து அறிஞர்களுக்குத் தெரியும். அந்த ஒரு கணுவில்தான் பைபிளின் காலமும் உலகச் சரித்திரத்தின் காலமும் சேர்த்துக் கட்டப்பட்டன. வேதத்துக்கு வெளியே உள்ள அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் 4004 பிறந்தே இருக்காது.

நாளுக்கும் காரணம் வைத்திருந்தார். யூதர்களின் ஆண்டு இலையுதிர்காலத்தில் பிறக்கிறது. ஏதேனில் கனிகள் பழுத்திருந்தன. படைப்பின் முதல் நாள் ஞாயிறு. வானியல் அட்டவணைகளைப் பார்த்து, இரவும் பகலும் சமமாகும் நாளை அடுத்து வரும் ஞாயிற்றைத் தேடி, அக்டோபர் 23 என்றார்; அதற்கு முந்தைய இரவு தொடங்கும் வேளையில் காலம் தொடங்கிற்று என்றார். காலை ஒன்பது மணி என்றும் அவர் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அது அவருடையதல்ல. ஜான் லைட்ஃபுட் என்ற மற்றோர் அறிஞர் மனிதன் படைக்கப்பட்ட வேளையைப் பற்றி எழுதியது இதோடு வந்து ஒட்டிக்கொண்டது.

1650-ல் லத்தீனில் நூல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி சாலொமோனின் ஆலயம் முடிந்தது உலகின் 3000-ஆம் ஆண்டில். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதால் கிறிஸ்து பிறந்ததும் அப்போதே, படைப்பிலிருந்து சரியாக 4000 ஆண்டு. ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல என்ற நினைப்பில் உலகத்துக்கு ஆறாயிரம் ஆண்டு ஆயுசு என்று கிறிஸ்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். எண்கள் இவ்வளவு வட்டமாக வந்து விழுந்தது அஷருக்கு மனநிறைவைத் தந்திருக்கும். தீர்மானங்கள் பல என்பதை நினைக்கும்போது, எனக்கு அந்த வட்டமே சற்றுத் தயக்கம் தருகிறது. 1656-ல் அவர் இறந்தார். முடியரசின் பக்கம் நின்றவர் என்று தெரிந்தும், அந்த முடியரசை வீழ்த்தி ஆண்ட கிராம்வெல் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்வித்தார்.

நூலோடு நின்றிருந்தால் 4004 அறிஞர்களின் அலமாரியில் 3992-க்கும் 3949-க்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 1701-ல் லண்டனில் ஆயர் வில்லியம் லாய்டின் மேற்பார்வையில் அச்சான பெரிய பைபிளில் அஷரின் ஆண்டுகள் பக்க ஓரத்தில் ஏறின. அடுத்த இருநூறு ஆண்டுகள் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அவை அச்சாகிக்கொண்டே இருந்தன. வசனத்துக்குப் பக்கத்தில், அதே மையில், அதே தாளில். பிள்ளைக்கு வாசித்துக்காட்டிய தாய்க்கு எது மோசேயின் சொல், எது அயர்லாந்துப் பேராயரின் கூட்டல் என்று யார் சொன்னார்கள்? பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த எண் வேதமாகிவிட்டது.

பாறைகள் வேறு கதை சொல்லத் தொடங்கியபோது அடி விழுந்தது இந்த ஓரத்து எண்ணின் மேல்தான், வலித்தது பைபிளுக்கு. 1788-ல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட் கரையில் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்த பாறை அடுக்குகள் ஆறாயிரத்துக்குள் அடங்கவில்லை. ஆங்கிலேய குருவானவரும் நிலவியலாளருமான ஆடம் செட்ஜ்விக், பாறைகளில் பிரளயத்தின் தடத்தைக் கண்டதாகத் தாம் முன்பு சொன்னது தவறு என்று 1831-ல் நிலவியல் சங்கத் தலைவராக நின்று ஒத்துக்கொண்டார். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன் விண்கல்லின் ஈயத்தை அளந்து சொன்னது 1956-ல்.

எண்ணின் பிறப்பை அக்கறையோடு ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பழைய ஏற்பாடு கற்பித்த வில்லியம் ஹென்றி கிரீன். பைபிளில் பிழையே இல்லை என்று உறுதியாக நின்ற கூட்டத்தில் முன்வரிசைக்காரர். 1890-ல் ஒரு கட்டுரை எழுதினார். மத்தேயுவின் வம்ச அட்டவணையில் யோராமுக்கு மகன் உசியா என்று வருகிறதே, நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்களே என்று எடுத்துக்காட்டினார். லூக்காவின் அட்டவணையில் உள்ள காயினான் எபிரேய ஆதியாகமத்தில் இல்லை. ஆக "பெற்றான்" என்ற சொல் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் பொருந்தும்; அட்டவணைகள் கூட்டிப்பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல; உலகம் எந்த ஆண்டில் படைக்கப்பட்டது என்று வேதம் சொல்லவே இல்லை. பைபிளை எழுத்துக்கு எழுத்து மதித்தவர் வந்து சேர்ந்த முடிவு அது. ஆனாலும் பின்னர் ஸ்கோஃபீல்ட் என்ற போதகரின் குறிப்புகளோடு வந்த பைபிள், லட்சக்கணக்கான வீடுகளுக்கு அஷரின் ஆண்டுகளை மறுபடி சுமந்துகொண்டு போனது.

1925 ஜூலை, டென்னசி மாநிலத்தின் டேடன் ஊர். பரிணாமத்தைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் மேல் வழக்கு. வெயிலும் கூட்டமும் தாங்காமல் நீதிமன்றப் புல்வெளியில் விசாரணை. பைபிளுக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ கேள்வி கேட்கிறார். பிரளயம் எப்போது வந்தது? நாளைச் சொல்ல மாட்டேன் என்கிறார் பிரையன். கி.மு. 4004 வாக்கிலா என்று டாரோ கேட்கிறார், படைப்பின் ஆண்டைப் பிரளயத்தின் ஆண்டாக மாற்றி. அது ஒரு மனிதர் போட்ட மதிப்பீடு, துல்லியம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார் பிரையன். டாரோ விடவில்லை. அந்த மதிப்பீடு பைபிளில் அச்சாகித்தானே இருக்கிறது என்று கேட்டார்.