இரண்டு கைதட்டல்கள்

2003 ஏப்ரல் 23, மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு. ஆட்டத்தின் 67ஆவது நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டின் ரொனால்டோ வெளியே அழைக்கப்படுகிறார். சாண்டியாகோ சொலாரி உள்ளே வருகிறார். மூன்று கோல் அடித்து மான்செஸ்டர் யுனைடெட்டின் சாம்பியன்ஸ் லீக் கனவைக் கலைத்தவர் இந்த ரொனால்டோ. அப்படி ஒருவர் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தால் உள்ளூர்க் கூட்டம் கூச்சல் போட்டு அனுப்பிவைப்பதுதான் வழக்கம். அன்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவரும் பதிலுக்குத் தட்டிக்கொண்டே வெளியேறினார்.

2005 நவம்பர் 19, மாட்ரிட் நகரின் சாண்டியாகோ பெர்னபேவு. 77ஆவது நிமிடத்தில் பார்சலோனாவின் ரொனால்டினோ தன் இரண்டாவது கோலை அடிக்கிறார். அணிக்கு அது மூன்றாவது. தொலைக்காட்சிக் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. மீசை வைத்த நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் இன்னும் பலர்.

எங்கள் மைதானத்துக்கு வந்து ஆடிய எதிரணிகளில் எது சிறந்தது என்ற கேள்வியை எந்த ஊர் ரசிகர்களிடம் கேட்டாலும் பேச்சு நள்ளிரவுவரை போகும். சொந்த அணியின் வெற்றியை நினைவில் வைத்திருக்கப் பாசமே போதும். தன் அணியைத் தோற்கடித்த ஆட்டத்தை இருபது ஆண்டு கழித்தும் மெச்சிப் பேச வேண்டுமென்றால் அந்த ஆட்டத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு இரவுகளும் அந்தப் பேச்சில் தவறாமல் வரும். ஒரே மூச்சில் சேர்த்தே சொல்லப்படும். இரண்டும் ஒரே வகைக் கைதட்டல் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் மான்செஸ்டர். காலிறுதியின் முதல் ஆட்டத்தில், மாட்ரிட்டில், ரியல் 3-1 என்று வென்றிருந்தது. ஃபீகோ ஒன்று, ராவுல் இரண்டு. யுனைடெட் பக்கம் வான் நிஸ்டல்ராய் அடித்த ஒன்றே ஒன்றை நம்பித்தான் இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் திரண்டது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆண்டு இறுதிப்போட்டி ஓல்டு டிராஃபோர்டிலேயே நடக்க இருந்தது. சொந்த வீட்டில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்குவது எத்தனை அணிகளுக்கு வாய்க்கும்? குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ராவுல் ஆடவில்லை என்பதும் நம்பிக்கைக்கு எண்ணெய் ஊற்றியது.

12ஆவது நிமிடத்தில் சக ஆட்டக்காரரான குட்டி, பந்தை இடைவெளியில் தள்ளிவிட, ரொனால்டோ ஓட்டத்திலேயே உதைத்தார். கோல்கீப்பர் பார்த்தெஸ் காத்து நின்ற கம்பத்தின் பக்கமே பந்து உள்ளே போனது. 50ஆவது நிமிடத்தில் ராபர்ட்டோ கார்லோஸ் குறுக்கே கொடுத்ததைக் காலியான கோலுக்குள் தட்டிவிட்டார். 59ஆவது நிமிடத்தில் சுமார் இருபத்தைந்து கஜத் தொலைவிலிருந்து ஒரு உதை. பார்த்தெஸ் பாய்ந்தும் எட்டவில்லை. அன்று ரொனால்டோ பந்தைத் தொட்டது குறைவு, ஓடியது அதைவிடக் குறைவு. 1999இலும் 2000இலும் வலது முழங்கால் சிதைந்து, இனி ஆட மாட்டார் என்று பலர் கைவிட்ட மனிதர் அவர். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்துத் திரும்பி வந்திருந்தார். பழைய மின்னல் ஓட்டம் போய்விட்டது. மிஞ்சியிருந்த அந்த நிதானம்தான் எனக்கு அந்த மூன்று கோல்களிலும் தெரிகிறது.

இடையில் வான் நிஸ்டல்ராய் ஒன்று அடித்தார். மாட்ரிட்டின் எல்கெராவின் காலில் பட்டு இன்னொன்று விழுந்தது. ஆக, ரொனால்டோ வெளியேறும்போது ஆட்டக் கணக்கு 2-3, இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 3-6. வெளியூர் கோல்களுக்கு மதிப்பு கூடுதலாக இருந்த காலம் அது. எஞ்சிய 23 நிமிடத்தில் யுனைடெட்டுக்கு இன்னும் நான்கு கோல் வேண்டும். கூட்டத்துக்கு இது தெரியும். கதை முடிந்துவிட்டது என்ற தெளிவில் எழுந்த கைதட்டல் அது. இனி கோபப்பட்டு ஆவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் மனது ரசிக்கத் தயாராகிறது.

யுனைடெட்டின் பெக்கம் வந்த கதை தனி. பயிற்சியாளர் ஃபெர்குசன் அவரை வெளியே உட்கார வைத்திருந்தார். 63ஆவது நிமிடத்தில்தான் இறக்கினார். வந்தவர் ஒரு ஃப்ரீகிக் கோலும், கோல் வாசலில் புகுந்து இன்னொன்றும் அடித்தார். யுனைடெட் 4-3 என்று வென்றது. ஆம், அன்று வென்றது யுனைடெட்தான். இதைச் சொன்னால் இன்று பலர் வியக்கிறார்கள். ஆட்டத்தில் தோற்றவனின் ஆட்டமாகவே அந்த இரவு நினைவில் தங்கிவிட்டது.

மாட்ரிட்டை மதிக்கும் பழக்கம் அந்த ஊருக்குப் பழையது. 1957இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் டி ஸ்டெஃபானோவின் மாட்ரிட் அங்கே வந்து 2-2 என்று ஆடி யுனைடெட்டை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்து; பயிற்சியாளர் பஸ்பியின் இளம் அணியில் எட்டு ஆட்டக்காரர்கள் இறந்தார்கள். நொடிந்துபோன யுனைடெட்டுக்குக் கைகொடுக்க மாட்ரிட் நட்பு ஆட்டங்கள் ஆடியது. இதைத் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2000இலும் காலிறுதியில் மாட்ரிட் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்து 3-2 என்று வென்றது. இடது எல்லைக்கோட்டோரம் ஃபெர்னாண்டோ ரெடோண்டோ பந்தைக் குதிகாலால் பின்னுக்குத் தட்டி, ஹென்னிங் பெர்கைச் சுற்றி ஓடிப் பிடித்து, ராவுலுக்கு வைத்துக் கொடுத்த கோல் அன்றுதான் விழுந்தது. அணியாகச் சேர்ந்து ஆடிய அழகில் 2000தான் 2003ஐ விட உயர்ந்தது என்பது என் கருத்து. அன்று வீழ்ந்தது நடப்பு சாம்பியன். ஆனாலும் யுனைடெட் ரசிகர்களிடம் 'வந்து ஆடியவர்களில் யார்' என்று கேட்டால் முதலில் நாவில் வரும் பெயர் ரொனால்டோ. எழுந்து நின்று தட்டிய கை அந்தப் பெயரை மறக்கவில்லை.

பெர்னபேவுக்கு வருவோம். அங்கே நட்பின் நிழல்கூடக் கிடையாது. 2000இல் ஃபீகோ பார்சலோனாவை விட்டு மாட்ரிட்டுக்குப் போனதற்காக, 2002 நவம்பரில் கேம்ப் நூ மைதானத்தில் அவர்மேல் புட்டிகள் பறந்தன. பன்றித்தலை ஒன்றும் வந்து விழுந்தது. அந்தப் பகையின் மறுகரையில் நின்றுதான் மாட்ரிட்காரர்கள் மூன்று ஆண்டுக்குப் பின் ஒரு பார்சலோனாக்காரருக்குக் கைதட்டினார்கள்.

ஆட்டமும் வேறு மாதிரி. 15 நிமிடத்துக்குள் பார்சலோனாவின் எடோ முதல் கோலை அடித்துவிட்டார். முதன்முறையாக இந்த இரு அணிகளின் மோதலில் இறங்கிய 18 வயது மெஸ்ஸியின் ஓட்டத்திலிருந்து கிடைத்தது அது. 59ஆவது நிமிடத்தில் ரொனால்டினோ இடது ஓரத்தில் பந்தை வாங்கி, செர்ஜியோ ராமோஸைத் தாண்டி, குறுக்கே வெட்டி வந்த எல்கெராவையும் தாண்டி, கோல்கீப்பர் காசியாஸைத் தோற்கடித்தார். 77இல் அதே ஓரம், அதே ராமோஸ், அதே முடிவு. ராமோஸுக்கு அப்போது 19 வயது, அந்தக் கோடையில்தான் செவில்லாவிலிருந்து வந்திருந்தார். ரொனால்டோ மான்செஸ்டரில் மறைந்திருந்து சட்டென்று தோன்றி அடித்தார். ரொனால்டினோ பாதி மைதானம் ஓடி, இதோ வருகிறேன் என்று சொல்லாமல் சொல்லி வந்து அடித்தார். தடுக்க வேண்டியவர்களுக்கு முழு அவகாசமும் கொடுத்து அடித்த கோல்கள் அவை. உள்ளூர்க்காரனுக்கு இதைவிட வலிக்கும் விதம் வேறில்லை.

அப்படியிருந்தும் கைதட்டினார்களே, ஏன்? பெர்னபேவின் கூட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு முதல் காரணம் எளிது. பாட்டுப் பாடி அணியைத் தூக்கிப் பிடிப்பதைவிட, காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவர்களைப் போல உட்கார்ந்து எடைபோடும் கூட்டம் அது. சரியில்லையென்றால் சொந்த ஆட்டக்காரனையே சீழ்க்கையடித்து விரட்டும். நன்றாக இருந்தால் வந்தவனையும் மெச்சும். 1983இல், கோப்பா தெ லா லிகா இறுதியின் முதல் ஆட்டத்தில், பார்சலோனாவின் மாரடோனா கோல்கோட்டில் பந்தை நிறுத்தி, ஓடிவந்த மாட்ரிட்காரரைக் கம்பத்தில் மோதவிட்டு அடித்ததற்கு அங்கே கைதட்டல் கிடைத்தது. 2008இல் யுவென்டஸுக்காக இரண்டு கோல் அடித்த டெல் பியேரோவுக்கும் கிடைத்தது.

இரண்டாவது காரணம் கசப்பானது. 2003 ஜூனில் மாட்ரிட் லீக் பட்டம் வென்ற கையோடு பயிற்சியாளர் டெல் போஸ்கேயை அனுப்பிவிட்டது. நடுக்களத்தைத் தோளில் சுமந்த மக்கெலெலேயைச் செல்ஸிக்கு விற்றது. தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரும் நட்சத்திரத்தை வாங்கினார். பெரிய பட்டம் ஒன்றும் வரவில்லை. டெல் போஸ்கேக்குப் பிறகு வந்த நான்காவது பயிற்சியாளரான லுக்செம்பர்கோ அன்று ஓரத்தில் நின்றிருந்தார். அடுத்த மாதம் அவரும் போனார். 2006 பிப்ரவரியில் பெரெஸே பதவி விலகினார். ஸ்பெயினில் தலைவரின் மேல் கோபம் வந்தால் ரசிகர்கள் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக் காட்டுவார்கள். ரொனால்டினோவுக்கு விழுந்த கைதட்டலில் அந்தக் கைக்குட்டையின் படபடப்பும் கேட்கிறது. பார், ஆட்டம் என்றால் இதுதான், நீ வாங்கிக் கொடுத்தது என்ன என்று தலைவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

எனவே, பரம எதிரிக்குத் தட்டியதால் பெர்னபேவின் கைதட்டலே பெரியது என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அது துணிச்சலானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி ரொனால்டினோவுக்கு, இன்னொரு பகுதி பெரெஸுக்கு எறிந்த கல். மான்செஸ்டரின் கைதட்டல் முழுக்க முழுக்க ரொனால்டோவுக்கே போய்ச் சேர்ந்தது. யார்மேலும் குறையில்லாமல், அழகாக அடித்தாய், போய் வா என்று வழியனுப்பியது. கலப்படமற்ற ரசனை என்று பார்த்தால் நான் ஓல்டு டிராஃபோர்டின் பக்கம். அரங்கின் அளவிலும் வேறுபாடு உண்டு. பெர்னபேவு முழுவதும் எழுந்து நின்றதாகக் கதை வளர்ந்திருக்கிறது. எழுந்தது ஒரு பகுதிதான்.

இந்த இரண்டு இரவுகளையும் 2003 கோடை ஒரே நூலில் கோத்திருக்கிறது. யுனைடெட் பெக்கமை விற்க முடிவு செய்தபோது, பார்சலோனாவின் தலைவர் தேர்தலில் நின்ற லபோர்ட்டா அவரைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கேட்டார். பெக்கமோ மாட்ரிட்டுக்குப் போனார். கைநழுவிய பெக்கமுக்குப் பதிலாக லபோர்ட்டா ரொனால்டினோவைப் பிடித்தார். அதே ரொனால்டினோவை யுனைடெட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓல்டு டிராஃபோர்டு ரசிகர்கள் தங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவரைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

2005இன் அந்த இரவில் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையில் ஆட்டத்தைத் தொடங்கிய பதினொரு பேரில் பெக்கம் இருந்தார். மான்செஸ்டரில் சொந்தக் கோல் போட்ட எல்கெரா இருந்தார். இம்முறை ரொனால்டினோ தாண்டிப்போனதும் அவரைத்தான். ரொனால்டோவும் இருந்தார். எதிரியின் ஊரில் எழுந்து நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்று அந்த அரங்கில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. எதிரணி ரசிகர்கள் இப்படித் தட்டுவது அபூர்வம், இதை மறக்க மாட்டேன் என்று ரொனால்டினோ பிற்பாடு சொன்னார்.

பழைய படச்சுருளில் அந்த மீசைக்காரர் வரும் இடத்தை நான் பலமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பெரெஸின் மேல் கோபம் அவர் முகத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். கையில் கைக்குட்டை இல்லை. வெறும் கைகள்.