கண்மாய் வண்டலும் யூரியா மூட்டையும்

போன சித்திரையில் எங்க ஊர்க் கண்மாயிலிருந்து இருபது டிராக்டர் வண்டல் அடிச்சேன். பக்கத்துக் காட்டு அண்ணன் வரப்பில் நின்னு பார்த்துட்டு, "என்னப்பா, திரும்ப உங்க தாத்தா காலத்துக்கே போறியா?"ன்னு சிரிச்சார். அவருக்கு அன்னைக்குச் சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

நத்தம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். சிறுமலை, கரந்தமலை, தெற்கே அழகர்மலை. நடுவில் மாந்தோப்பு, புளி, தென்னை, மானாவாரிக் காடு. மழை பெய்தால் மலையில் மக்கிய இலையும் ஆட்டுப் புழுக்கையும் நைஸ் மண்ணும் ஓடையில் இறங்கிக் கண்மாயில் படியும். பொட்டாசியம், கால்சியம் மாதிரி சத்துக்களைப் பிடிச்சு வைப்பது அந்தக் களித்துகள்தான். கண்மாய் வற்றினதும் தாத்தா அதை மாட்டுவண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டு வருவார். தண்ணீர் இறக்கியதை மாடு ஏற்றியது.

அறுப்பு முடிஞ்சா ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கக் கீதாரிகள் செம்மறியோடு வந்து கிடை போடுவாங்க. ஊரெல்லாம் மேய்ந்த புல்லின் சத்து ராத்திரி ஒரே காட்டில் விழும். சோளத்துக்கு ஊடே துவரை, மொச்சை, தட்டப்பயறு. பயறுச் செடியின் வேர்முடிச்சு காற்றின் நைட்ரஜனைப் பிடிக்குதுன்னு ஜெர்மனியில் நிரூபிச்சது 1880-களில். எங்க ஆட்களுக்கு நைட்ரஜன்னு பேர் தெரியாது. பயறு போட்ட காட்டில் அடுத்த வெள்ளாமை நல்லா வரும்னு தெரியும்.

இதைப் பொற்காலம்னு சொல்ல வரலை. வட்டம் அப்பவே கிழிய ஆரம்பிச்சிருச்சு. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. மலையில் போய் இஷ்டத்துக்குத் தழை வெட்ட முடியாமல் போனது. 1889-ல் பிரிட்டிஷ் அரசு வோல்க்கர் என்கிற வேளாண் வேதியியலாளரை இந்தியாவுக்கு அனுப்பியது. நம்ம விவசாயிகளுக்குத் தொழில் தெரியும்னு அவர் ஒத்துக்கிட்டார். 1893-ல் வெளிவந்த அவர் அறிக்கை சுட்டிய குறை வேறு: விறகு இல்லாததால் சாணி வறட்டியாகி அடுப்பில் எரியுது, எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறுது. வறட்டி எரிஞ்சா சாம்பல் மிஞ்சும், நைட்ரஜன் புகையோடு போயிரும்.

போனதை ஈடுகட்ட மூட்டை வந்தது. 1906-ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. 1909-ல் ஜெர்மனியில் ஹேபர் காற்றிலிருந்தே அம்மோனியா எடுத்துக் காட்டினார். 1913-ல் அது ஆலைக்கு வந்தது. 1960-களில் பசுமைப் புரட்சி. அப்பா முதல் யூரியா போட்டப்ப, பயிர் ஒரு வாரத்தில் கருகருன்னு பச்சை கட்டிச்சாம். பஞ்சம் பார்த்த நாடு இது. அந்த மூட்டையைத் திட்டி எழுத எனக்கு மனசில்லை.

ஆனா கணக்கு உதைக்குது. 45 கிலோ யூரியாவில் சுமார் 21 கிலோ நைட்ரஜன். பெரும்பாலும் அதில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேர்றதில்லை. மிச்சம் அம்மோனியாவாகக் காற்றில் கலக்கும், நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். வண்டலும் கிடையும் நின்னதும் மண்ணில் மக்கு தீர்ந்தது. என் காட்டை மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கரிமச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே. அதைப் பார்த்த அன்னைக்குத்தான் பயம் வந்தது.

இன்னொரு ஓட்டை உங்க பக்கம் இருக்கு. எங்க மாம்பழம் லாரியேறிச் சென்னைக்கு வருது. நீங்க சாப்பிட்ட தோலும் கொட்டையும் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகுது. எங்க மண்ணின் பொட்டாசியம் அங்கே குவிஞ்சு கிடக்கு. நாங்க காசு கொடுத்து வாங்கிப் போடுற பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து வருது.

2017-ல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமா எடுக்கலாம்னு தமிழக அரசு அனுமதிச்சது. நல்ல விஷயம். ஆனா நான் அள்ளின வண்டலில் பாலித்தீன் பையும் பாட்டில் சில்லும் பொறுக்கவே ரெண்டு ஆள் கூலி ஆச்சு.

விளைச்சல் ஏறிச்சான்னு கேட்டா, இந்த வருஷம் இல்லை. ஆனா மழை விட்டு எட்டாம் நாளும் மண்ணை அள்ளினா கையில் ஒட்டுச்சு. யூரியாவில் ஒரு மூட்டை குறைச்சேன். இப்ப அந்த அண்ணன் சிரிக்கிறதில்லை. டிராக்டர் வாடகை எவ்வளவுன்னு கேட்டிருக்கார்.

மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டி இருந்தா, மாம்பழத் தோலை அதிலேயே போட்டு மூடுங்க. நத்தத்துக்குத் திரும்பி வராட்டாலும் பெருங்குடிக்குப் போகாது.