பிரசங்கபீடமும் மஃபின் குறிப்பும்

அமெரிக்கக் கிறித்தவக் காதல் நாவலின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு சிற்றூர், அதில் ஒரு தேவாலயம், மனம் நொந்து வந்து சேரும் ஒரு பெண், கடவுளை விட்டு விலகிப்போன ஓர் ஆண், முடிவில் திருமணம். பல நாவல்களில் அதற்கும் பிறகு ஒரு பக்கம் இருக்கும். கதாநாயகி சுட்ட மஃபினுக்கோ கேக்குக்கோ செய்முறை. இலக்கியம் படித்தவர்களுக்கு இதைக் கேலி செய்வது எளிது. நம் தமிழ்த்துறைகளில் ரமணிசந்திரன் பெயரைச் சொன்னதும் எழுகிற அதே சிரிப்புதான். அந்தச் சிரிப்பில் நான் சேரமாட்டேன். பிரசங்கபீடத்தில் ஏற விடப்படாத பெண்கள் அச்சுலகத்துக்குள் நுழைந்த இரண்டு வாசல்கள் காதல் கதையும் சமையல் குறிப்பும். கடைசிப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து நிற்பது தற்செயலானது அல்ல.

இந்த வகை நாவலுக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில். 1865இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பிரஸ்பிட்டேரியன் போதகர், அம்மா எழுத்தாளர். சித்தி இசபெல்லா ஆல்டன் ‘பேன்ஸி’ என்ற பெயரில் எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். கிரேஸ் மணந்தவரும் போதகர்தான். 1899இல் அவர் இறந்தபோது கையில் இரண்டு பெண் குழந்தைகள். அதன்பின் எழுத்துதான் வீட்டுக்கு அரிசி. (கோதுமை என்று சொல்ல வேண்டுமோ!) நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தார்.

1904இல் பிளேவியஸ் லட்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். சில காலம் நூல்களின் அட்டையில் அவருடைய பெயரின் கடைசியில் ‘லட்ஸ்’ வந்தது. திருமணம் கசந்து, இருவரும் பிரிந்தார்கள். கிரேஸ் மணவிலக்குப் பெறவில்லை, அவரது சமய நம்பிக்கை அதை ஏற்கவில்லை. ஆனால் அட்டையிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டார். நல்ல திருமணத்தில் போய் முடியும் கதைகளை இந்தப் பெண்தான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இதைப் போலித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் கிடைக்காததை ஒருத்தி காகிதத்தில் கட்டிக்கொள்வது போலித்தனமானால், உலக இலக்கியத்தில் பாதியைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அவர் கதைகளில் யார் யாருக்கு வேதம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் ஓர் இளம்பெண் பேசுகிறாள்; படித்த, பணம் படைத்த ஆண் கேட்கிறான், மனம் திரும்புகிறான். போதகரின் மகளாகவும் போதகரின் மனைவியாகவும் ஆயிரம் பிரசங்கங்களைக் கேட்டிருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்குத் தன் பிரசங்கத்தைச் சொல்லக் கிடைத்த இடம் அது. பிரஸ்பிட்டேரியன் சபை பெண்களைப் போதகர்களாக ஏற்றது 1956இல். கிரேஸ் இறந்தது 1947இல்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், பிலடெல்பியாவில் போர்வீரர்களுக்கு நிதி திரட்ட நடந்த சந்தைக்காக மரியா மாஸ் என்பவர் ஒரு சமையல் நூலைத் தொகுத்தார். போர் முடிந்தபின் ஊர் ஊராகத் தேவாலயப் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு குறிப்பு எழுதிக் கொடுத்து, அச்சிட்டு விற்று, தேவாலயத்துக்குக் கூரையும் ஆர்கனும் வாங்கினார்கள். குறிப்பின் கீழே பெயர் வரும். பெரும்பாலும் திருமதி இன்னார் என்று, கணவன் பெயர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை அச்சேறிய பெண்ணுக்கு அங்கேயும் சொந்தப் பெயர் இல்லை.

கரண்டியைத் தலைதட்டி அளக்கும் முறையைப் பரவலாக்கிய ஃபேனி ஃபார்மரின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1896இல் அவரது பாஸ்டன் சமையல் பள்ளி நூல் விற்கும் என்று பதிப்பகத்துக்கு நம்பிக்கை இல்லை. முதல் பதிப்பின் 3,000 படிகளுக்கான செலவை அவரே ஏற்றார். நூல் பல பத்தாண்டுகள் விற்றது.

காதலும் குறிப்பும் ஒரே கதைக்குள் கலந்ததை ஜேனட் ஓக் என்ற கனடியப் பெண்ணின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யில் காணலாம். 1979இல் வந்தது. வயிற்றில் குழந்தையோடு விதவையான மார்ட்டி, தாயில்லாக் குழந்தையை வளர்க்கும் கிளார்க்கை வேறு வழியின்றி மணக்கிறாள். அவளுக்குச் சமைக்கத் தெரியாது. திரும்பத் திரும்பப் பான்கேக்தான். சமையலையும் துக்கத்தைத் தாங்குவதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் பக்கத்துப் பண்ணையின் மூத்த பெண். காதலை விட இந்த இரு பெண்களின் பேச்சுத்தான் எனக்கு அந்த நாவல்.

ஆனாலும் இந்தச் சிற்றூர்களில் யார் இல்லை என்று கேட்காமல் நாம் படிக்க முடியாது. பெரும்பாலும் அவை வெள்ளையர் ஊர்கள். அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி எழுவதில்லை. 2021இல் அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ என்ற கிறித்தவக் காதல் நாவலுக்கு விருது அறிவித்தது. கதாநாயகன் 1890இல் வூண்டட் நீயில் லகோட்டா மக்களைக் கொன்ற படையில் இருந்தவன். பிறகு மனம் வருந்துகிறான், மீட்படைகிறான், காதலும் கிடைக்கிறது. எதிர்ப்பு எழுந்ததும் விருது திரும்பப் பெறப்பட்டது. கொன்றவனுக்கு மீட்பு கதையாகிறது. கொல்லப்பட்ட பெண்கள் அதற்குப் பின்னணியாகிறார்கள். பீடம் மறுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டிலும் வாசற்படிக்கு வெளியே சிலர் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

குறிப்பைக் கொடுக்காமல் விட்டால் மரபுக்குப் பிழை. 2 கப் மைதா, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, கால் கப் சர்க்கரை, எல்லாவற்றையும் தலைதட்டி அளந்து சலித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை, ஒரு கப் பால், கால் கப் உருக்கிய வெண்ணெய், மூன்றையும் தனியே அடித்து மாவில் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கிளறுங்கள். கட்டிகள் இருக்கட்டும், மிகையாகக் கிளறினால் மஃபின் இறுகிவிடும். வெண்ணெய் தடவிய 12 கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி, 200 டிகிரி சூட்டில் 20 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றி, மேலே ஒரு தாங்கி வைத்து, நாலைந்து கிண்ணங்களாக மூடி வையுங்கள். அரைமணி நேரம் ஆகும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.