நாட்டுப் பரப்பு ஒப்பீடு, காட்சிமுறை

நாடுகளின் பரப்பளவை எண்களை அடுக்கிச் சொல்லாமல், உருவங்களை அருகருகே அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணுக்குப் புலப்படுத்தும் முறை. இன்று இது பெரும்பாலும் இணையக் கருவிகளின் வழியே நடைபெறுகிறது.

இம்முறையின் தேவையைப் பெரிதாக்கியது கெரார்டு மெர்க்காட்டர் 1569-இல் வெளியிட்ட உலகப்படமாகும். திசைகாட்டியின் ஒரே கோணத்தில் செல்லும் கப்பலின் வழி அதில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்காக, நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலப்பகுதிகள் பெருத்துத் தோன்றும். 60 பாகை அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஐரோப்பாவைப் பெரிதாக்கிக் காட்டும் உள்நோக்கம் இதில் இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடலோடிகளின் பயன்பாட்டுக்கென்றே படம் திருத்தப்பட்டதாக அதன் தலைப்புக் கூறுகிறது.

நிலப்படத்தையே ஒதுக்கிவிட்டுப் பரப்பை மட்டும் வரையும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணப்படுகிறது. ஜெர்மானியரான குரோமே 1785-இல் ஐரோப்பிய நாடுகளைச் சதுரங்களாக்கி ஒன்றனுள் ஒன்றாக அமைத்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1801-இல் வெளியிட்ட புள்ளிவிவரச் சுருக்கநூலில் சதுரங்களுக்குப் பதில் வட்டங்களைப் பயன்படுத்தினார். பரப்பு நான்கு மடங்கானால் விட்டம் இரு மடங்காகும் என்பதே கணக்கு. வட்டத்தின் இடப்புறக் கோடு மக்கள்தொகையையும் வலப்புறக் கோடு அரசு வருவாயையும் குறிக்கும். இரண்டின் உச்சிகளையும் ஒரு புள்ளிக்கோடு இணைக்கும். அதன் சாய்வு வரிச்சுமையைக் காட்டும் என்பது பிளேஃபேரின் எண்ணம். ஆனால் வட்டம் பெரிதானால் கோடு படுத்துவிடும். எனவே சாய்வை நம்புவதற்கில்லை. துருக்கிப் பேரரசு மூன்று கண்டங்களில் பரவியிருந்ததால், அதன் வட்டத்தை மூன்று கூறாக வெட்டித் தனித்தனி வண்ணம் தீட்டியிருந்தனர். இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் வட்ட விளக்கப்படத்துக்கு இதுவே முன்னோடி எனப் பலரும் கருதுகின்றனர். கையால் வண்ணமிட்ட இத்தாள், பிழையோடும்கூட, பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. குரோமேயின் சதுரங்கள் பிளேஃபேருக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பாரும் உளர்.

நிலப்படத்திலேயே பரப்பைச் சரியாகக் காட்டும் முயற்சியும் நடந்தது. 1855-இல் ஜேம்ஸ் கால் என்பவர் பரப்பு பிறழாத கோட்டுச்சட்டம் (கோளத்தைத் தட்டையான தாளில் வரையும் முறை) ஒன்றை முன்வைத்தார்.

ஏறத்தாழ அதையே 1973-இல் ஜெர்மானியரான ஆர்னோ பீட்டர்ஸ் தம் கண்டுபிடிப்பாக அறிவித்தார். காலின் பணியை அவர் அறிந்திருந்தாரா என்பது விவாதத்துக்குரியது. பரப்பு சரியாக இருந்தபோதிலும் வடிவங்கள் நீண்டு தொங்குகின்றன என்று நிலப்பட வல்லுநர்கள் குறைகூறினர். ஏழை நாடுகளுக்கு நீதி செய்யும் படம் என்று ஐ.நா. சார்ந்த அமைப்புகளிலும் உதவி நிறுவனங்களிலும் அதற்கு வரவேற்பு இருந்தது.

2010-இல் கை கிராவுஸ் என்பவர் வெளியிட்ட படத்தில் அமெரிக்க ஐக்கிய நாடு, சீனா, இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவை ஆப்பிரிக்காவுக்குள் அடங்கின. அதன்பின் பரவிய ‘த ட்ரூ சைஸ்’ போன்ற கருவிகளில் நாட்டை விரலாலோ சுட்டியாலோ இழுக்கலாம். கருவி எல்லைப் புள்ளிகளைக் கோளத்தின்மேல் நகர்த்தி, புதிய அட்சரேகைக்கேற்ப மறுபடி வரைகிறது. மெர்க்காட்டர் படத்தில் ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரியும் கிரீன்லாந்தைக் கீழே இழுத்தால், 21.66 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, 32.87 லட்சம் கொண்ட இந்தியாவைவிடச் சிறிதாகிவிடும். ஆப்பிரிக்கா சுமார் 3.03 கோடி. மாறாக, இந்தியாவைச் சைபீரியாவின்மேல் ஏற்றினால் குமரிமுனையைவிடக் காஷ்மீர் விரைவாக ஊதுவதைக் காணலாம்.

2018-இல் கூகுள் மேப்ஸ், கணினித் திரையில் முழுதும் விலக்கிப் பார்க்கும்போது உலகைக் கோளமாகக் காட்டத் தொடங்கியது. அதே ஆண்டில் ‘ஈக்குவல் எர்த்’ என்னும் சமபரப்புக் கோட்டுச்சட்டமும் வெளியானது. மெர்க்காட்டர் படத்தைக் கைவிடக் கோரும் இயக்கத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2025-இல் ஆதரவு தெரிவித்தது.